இரவல் வாய்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோய் அல்ல, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுத அவரிடம் உத்தரவு வாங்கவில்லை, அதுதான் காரணம். உத்தரவு இல்லாமல் இன்னொருவர் காரியத்தை வாயில் எடுப்பது அவருக்கு ஆகாது. ஆகாது என்றால் முகம் சுளிப்பதோடு நிற்கிற ஆகாது இல்லை. பேச்சின் நடுவிலேயே குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் கடைக்காரர்கள் எல்லாரும் அவரை ‘டாக்ஸ் கிளாக்கர்’ என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவருடைய தொழிலைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். வருமான வரி ஆபீசிலிருந்து ஒரு கடைக்காரருக்கு, ‘நேரில் வந்து விளக்கம் சொல்லவும்’ என்று கடிதம் வரும். கடைக்காரருக்குப் போக முடியாது. போனாலும் அங்கே பேசத் தெரியாது. அப்போது, ‘எனக்குப் பதிலாக இவர் வருவார், இவர் சொல்வது நான் சொல்வதுதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவரை அனுப்பலாம். அந்த ஒருவராகப் போய்வருவதுதான் அவர் வேலை. முன்பு ஏதோ ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து, தானாகவே வேலையை விட்டு வந்தவர் என்று கேள்வி. எந்தத் தோட்டம், ஏன் விட்டார் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வருகிற முகமும் இல்லை அவருக்கு.

நான் அவரை முதலில் பார்த்தது அட்டன் போகிற பஸ்ஸில். வேட்டி, கறுப்புக் கோட்டு, மடியில் குடை. கண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்டான். அவர் காசை நீட்டி, விரலால் ஒரு பக்கம் காட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை. அவளுடைய பிள்ளை அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அதற்கும் ஒரு சிரிப்புத்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. “பாவம், ஊமை போல” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கண்டக்டர் சிரித்தான். “ஊமையா? அம்மா, அவருதான் டாக்ஸ் கிளாக்கரு. இன்னைக்கு யாரோட கேசோ எடுத்துக்கிட்டுக் கண்டிக்குப் போறாரு. அங்க ஆபீசர் முன்னால பேசுற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டாரு. இப்ப அவரு வாயில வேற ஆளு இருக்காருங்க.”

பஸ்ஸே சிரித்தது. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கூடச் சிரிக்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல கிறுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பல நாள் கழித்துத்தான் கேட்டேன். “ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, திருப்பிக் குடுக்குற வரைக்கும் என் வாய் அவங்களோடதுங்க. வழியெல்லாம் கண்ட கதையும் பேசி எச்சில் பண்ணிட்டு, அதையே கொண்டுபோயி ஆபீசர் முன்னால வைக்கலாமுங்களா?” கேட்கும்போது சிரிப்புத்தான் வரும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எழுதிக் கொடுப்பவர் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் காகிதத்தைத் தொடமாட்டார். விருந்து வைத்தால் கை வைக்கமாட்டார். அன்றாடம் அந்த வீட்டில் எது வேகுமோ அதுதான் வேண்டும். “என்ன திங்கிறாங்கன்னு தெரியாம, எப்படிப் பொழைக்கிறாங்கன்னு நான் போயி எப்படிங்க சொல்றது?” என்பார். இதற்குப் பயந்தே சில பணக்காரர்கள் அவரைக் கூப்பிடாமல் இருந்தார்கள் என்று பேச்சு.

தலவாக்கலைப் பக்கத்து லொறிக்காரர் ஒருவர் கதை ஊருக்கே தெரியும். காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரும் அட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருக்கிறார்கள். ரயில் கூவுகிற நேரம் பார்த்து லொறிக்காரர் மெல்ல, “ஒரு லொறி பாலத்துல விழுந்து நொறுங்கிப்போச்சுன்னு சேத்துச் சொல்லிருங்க” என்றாராம். அப்படி ஒரு லொறி விழவே இல்லை. கிளாக்கர் கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் கையில் வைத்து, “நீங்களே போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்துத் தேநீர்க் கடையில் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ரயிலும் போய்விட்டது. லொறிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை.

உண்மை என்றால் எதையும் சொல்லுவார். உடப்புசல்லாவையில் வாடகை வீடுகள் வைத்திருந்த அம்மா ஒருத்தி, நாக்கு அரிவாள். வரி ஆபீசர் வீட்டைப் பார்க்காமலே வாடகையைக் கூட்டி எழுதிவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரம். “யோசனையில்லாம எழுதுன ஆளுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க” என்றாள். எந்த மனிதர் இதைப் போய் ஆபீசரிடம் சொல்லுவார்? இவர் சொன்னார். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “எனக்கு உங்க மேல கோபம். நீங்க என் வீட்டைப் பாக்காம எழுதியிருக்கீங்க. யோசனையில்லாத வேலை” என்றாராம். ‘அந்த அம்மாவுக்கு’ என்று சொல்லவில்லை, ‘எனக்கு’ என்றார். யாருக்காகப் போனாலும் அவர் ‘நான்’ என்றுதான் பேசுவார். ஆபீசர் திகைத்துப்போய் மறுபடி வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பியதாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் நான் வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டுக்கே ஒரு கடிதம் வருகிறவரை.

பழைய மஸ்கெலியாக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு பேக்கரி இருந்தது. பிற்பாடு நீர்த்தேக்கம் வந்தபோது அந்தக் கடைவீதியே தண்ணீருக்குள் போய்விட்டது, அது வேறு கதை. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். விடிவதற்குள் எங்கள் போறணை அடுப்பிலிருந்து பாண், ரொட்டிதான், வெந்து இறங்கும். ஒரு பழைய வேனும், பாண் பெட்டி சுமக்கிற பெட்டிக்காரர்களும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் பேச்சுக் குறைந்த மனிதர். யார் என்ன கேட்டாலும் மேசை விளிம்பை உள்ளங்கையால் ஒரு தரம் வழித்துவிடுவார், மாவு துடைக்கிற மாதிரி. பிறகுதான் பதில் வரும், அதுவும் இரண்டு சொல்லில்.

அந்த இரண்டு சொல்லும் ஒரு நாள் காலை நின்றுபோயிற்று. மாவு மேசைக்குப் பக்கத்திலேயே விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது பக்கம் செத்துவிட்டது. வாய் கோணி, பேச்சு போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் பார்க்கப் பொறுக்காது. ‘ஆமாம்’ என்றால் கண்ணை மூடித் திறப்பார். ‘இல்லை’ என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இடது கை மட்டும் பழைய வழக்கத்தில் கட்டில் சட்டத்தை வழித்துக்கொண்டே இருக்கும்.

அப்படி அவர் கிடக்கும்போதுதான் கடிதம் வந்தது. நாங்கள் வாங்கிய மாவுக்கும் காட்டிய வருமானத்துக்கும் பொருந்தவில்லை என்று, ஆபீசே ஒரு வருமானத்தை மதிப்பிட்டு வரி போட்டிருந்தது. அதைக் கட்டுவதென்றால் வேன், போறணை, வீடு மூன்றும் போகும். மறுத்துச் சொல்ல வேண்டுமென்றால் அவர் வரவேண்டும். அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்து ஒருவரை அனுப்ப வேண்டும். பேசவே முடியாதவர் யாருக்கு என்ன அதிகாரம் கொடுப்பது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொழுந்தன் அப்படி உட்காருகிற ஆள் இல்லை. என் வீட்டுக்காரரின் தம்பி அவர். நல்லவர், ஆனால் அவசரக்குடுக்கை. ஒரு வெள்ளைக் காகிதத்தில் எல்லாம் எழுதி, அண்ணன் தூங்கும்போது கட்டைவிரலில் மையைத் தடவி ஒற்றி எடுத்துவிட்டு, டாக்ஸ் கிளாக்கரை அழைத்துக்கொண்டு வந்து காகிதத்தை நீட்டினார்.

கிளாக்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் போய் என் வீட்டுக்காரரின் வலது கையை மெல்ல எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலில் மை. “முதலாளி, இது நீங்க வச்சதுங்களா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது முதலாளி விரல்தான். ஆனா முதலாளி குடுத்தது இல்ல” என்று காகிதத்தை நான்காகக் கிழித்துக் கொழுந்தன் கையிலேயே கொடுத்தார்.

“ஐயா, அண்ணனுக்குப் பேச்சே இல்ல. வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?” என்று கொழுந்தன் கத்தினார்.

“பேச்சு இல்லாதவங்க பேச்சத்தாங்க நல்லாக் கேட்டு வாங்கணும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அம்மா, சாப்பிட ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அன்றாடம் வேகிறது என்ன? பாண்தான். ஒரு துண்டு பாணும் தேங்காய்ச் சம்பலும் வைத்தேன். அவர் பாணைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பிறகுதான் பிட்டார். அவர் வேதக்காரர், மாதா கோயிலில் அப்பம் வாங்குகிற வழக்கத்தில் அப்படிச் செய்கிறார் போலும் என்று நினைத்தேன். சிந்திய தூளைக்கூட விரலால் தொட்டு எடுத்துத் தின்றார்.

அன்றிலிருந்து பல நாள் அட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அதிகாரம் கொடுத்தால் தான் எதையெல்லாம் பேசலாம், எதைப் பேச முடியாது, பிடிக்காவிட்டால் எப்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கண் மூடித் திறக்கும்வரை காத்திருப்பார். உண்மையிலேயே புரிந்துதான் கண்ணை மூடித் திறக்கிறாரா என்று பார்க்க, நடுவில் ஏறுமாறாக ஒரு கேள்வி போடுவார்.

“முதலாளிக்கு நுவரெலியாவுல இன்னொரு சம்சாரம் இருக்குதுங்களா?”

அடுப்படியில் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் படாரென்று சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பிய முகத்தில், கோணாத பக்கத்துக் கன்னம் குலுங்கியது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரே உயிருள்ள கட்டையாகப் பார்த்த மனிதரை இந்த ஒரு ஆள் மனிதராக நடத்திக் கேள்வி கேட்கிறாரே என்று அடுப்புப் பக்கம் திரும்பி அழுதேன்.

கடைசியில் மாவு விஷயத்துக்கு வந்தார்.

“மிச்ச மாவு நனைஞ்சு கெட்டுப்போச்சுங்களா?”

சுவர். “அப்படித்தான் சொல்லணும்னு நான் சொல்றேன், யாரு கேக்குறீங்க?” என்று கொழுந்தன் முணுமுணுத்தார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

“வித்துட்டுக் கணக்குல எழுதாம விட்டீங்களா?”

சுவர்.

கிளாக்கர் கட்டில் பக்கம் குனிந்தார். “பேர் வெட்டுன குடும்பங்களுக்குச் சும்மா குடுத்தீங்களா?”

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. வேலை இல்லை, அரிசி இல்லை, குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்துக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும். போக இடமில்லாதவர்கள் சொந்தக்காரர் காம்பராவில் ஒளிந்து ஒண்டிக்கொண்டு பட்டினி கிடப்பார்கள். என் வீட்டுக்காரர் மழைக்காலங்களில் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, “கோழிக்குப் பழைய பாண்” என்று சொல்லிப் போவது எனக்குத் தெரியும். கோழிக்கு இல்லை என்பதும் தெரியும். யார் யாருக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இந்தக் கேசுக்கு முன் இந்த வீட்டுக்கே வராத கிளாக்கருக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கொழுந்தன் கேட்டார். அவருக்கு எல்லாம் தோன்றும் என்று நான் சொன்னேன். அந்த அளவுக்கு அவர்மேல் எனக்கு மலைப்பு வந்திருந்தது.

அன்றைக்குத்தான் காகிதம் எழுதினார். என் வீட்டுக்காரர் தானே இடது கையைத் தூக்கி, மையில் விரலை வைத்து, தானே ஒற்றினார். கை நடுங்கியதில் ரேகை கொஞ்சம் இழுபட்டுவிட்டது. “இதுதான் சரியான கையெழுத்து” என்று அதை ஊதிக் காயவைத்தார் கிளாக்கர்.

கண்டிக்கு நானும் கொழுந்தனும் கூடப் போகவேண்டும் என்று காகிதத்தை வாங்குமுன்பே சொல்லியிருந்தார். “முதலாளி வாய நான் ஒழுங்காப் பேசுறேனான்னு கேக்க வீட்டு ஆளு ஒருத்தர் வேணுமில்லிங்களா.” ரயிலில் ஒரு சொல் பேசவில்லை. பேராதனையில் வண்டி மாறும்போதும் கையால்தான் காட்டினார். முன்பு பஸ்ஸில் சிரித்த நான், இப்போது அவர் மூடிய வாயைப் பார்த்துப் பார்த்து, அதற்குள் என் வீட்டுக்காரர் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசர் சின்ன வயதுச் சிங்களவர், மரியாதையானவர். இங்கிலீஷில் ஆரம்பித்தார். கிளாக்கர் என்னைக் காட்டி, இந்த அம்மாவுக்கும் விளங்க வேண்டும், சிங்களத்தில் பேசலாமா என்று கேட்டார். கடைவீதியில் இருந்தவள் நான். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். சரி என்று ஆபீசர் மிச்ச மாவு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

கிளாக்கர் உள்ளங்கையால் மேசை விளிம்பை ஒரு தரம் வழித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் செய்வது போலவே. கட்டில் சட்டத்தில் அந்தக் கை செய்வதைத்தான் அவர் பார்த்திருக்க முடியும். நடிப்பதற்காகச் செய்ததாகவும் தெரியவில்லை. அவர் அறியாமலே வந்தது. பிறகு இரண்டு மூன்று சொல்லாக வந்தது பதில்.

“பாணாக்கிக் கொடுத்தேன். சும்மா.”

“யார் கொடுத்தது?”

“மம தமயி துன்னே.” நான்தான் கொடுத்தேன். பேச்சு நின்ற நாளிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்த குரல், வேறொரு மனிதரின் தொண்டையிலிருந்து, வேறொரு பாஷையில் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

யாருக்குக் கொடுத்தது என்று ஆபீசர் கேட்டார். பேர் வெட்டப்பட்ட குடும்பங்களுக்கு என்றார். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காகிதத்தில் எதை எழுதுவது? ஒரு பெயர் சொல்லுங்கள். ஒரே ஒருவர் வந்து ஆமாம் வாங்கினேன் என்று சொன்னால் போதும், முழுவதையும் தள்ளிவிடுகிறேன்.”

கிளாக்கர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.  பிறகு, “அதை எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கேட்டுக்கொண்டு வரவேண்டும்” என்றார்.

“இதற்காக மறுபடி மஸ்கெலியாவா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்களேன்.”

“எனக்குத் தெரிந்தது இங்கே வரவில்லை, சார்.”

ஆபீசர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு நாள் எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் கொழுந்தன் திட்டிக்கொண்டே வந்தார். கிளாக்கர் வாய் திறக்கவில்லை. காகிதம் இன்னும் அவரிடம் இருந்ததே.

வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னார். பெயர் சொல்லலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “போறணை போயிருச்சின்னா நாங்க எங்க போறது? ஒரு பேருதானே கேக்குறாங்க!” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. எனக்கும் காரணம் தெரியாமல் இல்லை. பெயர் வெளியே வந்தால் ஒளிந்து ஒண்டியிருப்பவர்களைத் தோட்டம் அன்றைக்கே வெளியே தள்ளும். 

கிளாக்கர் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். குரல் தணிந்துவிட்டது. “முதலாளி, ஒரு பேருதான். அந்த ஆளு தானா சம்மதிச்சு வந்தாக்கூட வேணாங்களா?”

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே இடது கை மட்டும் துழாவி வந்து, கிளாக்கரின் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொடுத்தது. வீணாக அலைந்த மனிதருக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். கிளாக்கர் தலை குனிந்துகொண்டார்.

மறுபடி கண்டி. “நான் பெயர் சொல்லமாட்டேன்” என்றார் ஆபீசரிடம்.

“இது அவர் பேச்சா, உங்கள் பேச்சா?”

“இங்கே எனக்கென்று பேச்சு இல்லை, சார்.”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தன்னால் ஆனது என்று பாதியைத் தள்ளினார், பாதி நின்றது. வேனை விற்றுக் கட்டினோம். போறணை அணையவில்லை. பெட்டிக்காரர்கள் மறுபடி தலைச்சுமையாகப் பாண் கொண்டுபோனார்கள். ஒரு பெயர் சொல்லியிருந்தால் வேன் இருந்திருக்கும் என்று கொழுந்தன் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை, இருந்திருக்கும்தான்.

கிளாக்கர் காகிதத்தைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரரின் இடது கையில் வைத்து, “உங்களோடத உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன், முதலாளி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். சாவுக்குக் கடைவீதி முழுவதும் வந்தது. தூக்குவதற்கு முன் கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். கடைசியில் கொழுந்தனே, “அண்ணன் பேச்சப் பேசுனது நீங்கதானே ஐயா, நீங்க சொல்லுங்க” என்று கிளாக்கரைக் கூப்பிட்டார்.

அவர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “முதலாளிக்காகப் பேச இப்ப எனக்கு உத்தரவு இல்லீங்க” என்றார். சரி, அவ்வளவுதான் என்று எல்லாரும் பாடையைத் தூக்க நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை.

“எனக்காக ஒண்ணு பேசிக்கிறேன்” என்றார். குரல் புதிதாக இருந்தது, பழக்கமில்லாத குரல். “நான் தோட்டத்து ஆபீசுல பெரிய கிளாக்கரா இருந்தேன். கீழ் லயத்துல அப்ப எங்க அக்கா குடும்பம், இப்ப அங்க இல்லீங்க. சங்கத்துல சேந்தாங்கன்னு தொரை பேர வெட்டச் சொன்னாரு. எங்க அக்கா பேர எழுதி வெட்டுனது என் கைதாங்க. அக்கா புள்ளைகளோட பட்டினி கெடந்துச்சு. ஆபீசு ஆளு லயத்துப் பக்கம் போனா என் பேரும் போயிரும்னு ஒரு புடி அரிசி கொண்டுபோக எனக்குத் தைரியமில்ல. இந்த முதலாளிதான் மழையில சாக்கத் தூக்கிக்கிட்டுப் போயிப் பாண் குடுத்தாரு. என் அக்கா புள்ளைக உசுரோட இருக்குறது அதனாலதான்.”

 எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பாணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது விளங்கியது. கட்டிலில் இருந்தபடி என் வீட்டுக்காரர் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததும், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதும் விளங்கியது. பாண் வாங்கியது யாருடைய அக்கா என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வேன் போனாலும் போகட்டும் என்று அவர் மறைத்தது, எதிரில் உட்கார்ந்திருந்தவரின் தலைகுனிவையும் சேர்த்துத்தான்.

சாவு வீடு என்றும் பாராமல் நான் கேட்டேவிட்டேன். “ஒரு பேரு போதும்னாரே ஐயா, அந்த ஆபீசரு. அன்னைக்கே அங்க நீங்க சொல்லியிருக்கலாமே?”

அவர் என்னைப் பார்த்தார். “அன்னைக்கு அங்க உக்காந்திருந்தது நான் இல்லியேம்மா” என்றார்.

எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. இப்படியும் ஒரு மனிதர் இருக்க முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் அப்படித்தான் நிற்கிறேன்.

அன்று சாயங்கால பஸ்ஸில் அவர் அட்டனுக்குத் திரும்பினார். பழைய கண்டக்டர் பிறகு ஒரு நாள் பாண் வாங்க வந்தபோது சொன்னான். டாக்ஸ் கிளாக்கர் அன்றைக்கு வழியெல்லாம் வாயை மூடவே இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் தன் அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டு போனாராம்.